எரிமலைகளின் சீற்றம் ஒரே விதமன்று

மலாய் மொழியில் எரிமலைக்குக் 'குனோங் பெராப்பி' என்று பெயர். நெருப்பை உடைய மலை என்பது அதன் பொருள். நாமும் எரிமலை என்றே அழைக்கிறோம். இரண்டு பெயர்களும் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் கொண்டு இடப்பட்டவை. உண்மையில், விறகு எரிவதுபோல் அம்மலைகள் எரிவதில்லை. உருகிய பாறை செந்நிறமாக ஒளிர்கிறது. அதுவே தொலைவிலிருந்து பார்ப்போருக்கு நெருப்பாகத் தோன்றுகிறது. (கிழக்கு ஜாவாவிலுள்ள இஜென் மலையில் கந்தக வாயு இரவில் நீலச் சுடராக எரிவதுண்டு. அது ஒரு விதிவிலக்கு.)

எரிமலையின் குணத்தை அறிய விரும்புவோர் இந்த நெருப்புத் தோற்றத்தைச் சற்றே மறந்துவிட வேண்டும். உருகிய பாறைக்குள் கரைந்திருக்கும் வாயுவையே அவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு மலை பாகுபோல் அமைதியாக வழிந்தோடுகிறது; மற்றொரு மலை வானளாவ வெடித்துச் சிதறுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அந்த வாயு தப்பிச் செல்ல வழி கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதேயாகும்.

நம் தீபகற்பத்தில் இயங்கும் எரிமலை ஒன்றேனும் இல்லை. இருப்பினும் மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்திராவிலுள்ள சினாபோங் மலை பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விழித்துக்கொண்டது. நம் நாட்டினர் உல்லாசப் பயணம் மேற்கொள்ளும் தோபா ஏரி, பெராஸ்தாகி முதலிய இடங்கள் அம்மலையிருக்கும் வட்டாரத்திலேயே உள்ளன. இந்தோனேசியா முழுவதிலும் ஏறத்தாழ 130 எரிமலைகள் இயங்கும் நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே இதனை எங்கோ தொலைதூரத்துச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

பாறை உருகுவது எவ்வாறு?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. அது பல பெருந்தட்டுகளாகப் பிளவுபட்டு, அத்தட்டுகள் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. இந்துமாக்கடலின் அடித்தளமாக விளங்கும் தட்டு, சுமத்திராவும் ஜாவாவும் அமர்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வீதம் சரிந்து இறங்குகிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இவ்வாறு இறங்கும்போது ஏற்படும் உராய்வினால்தான் பாறை உருகுகிறது என்று பலரும் எண்ணுவர். விஞ்ஞானிகள் கண்டறிந்த காரணம் வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் ஊறிக் கிடந்த தட்டு அது. அதன் கனிமங்களுக்குள் ஏராளமான நீர் பிணைந்துள்ளது. தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை அடையும்போது, அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அந்நீர் மேலேயுள்ள சூடான பாறையுள் புகுகிறது. நீர் கலந்த பாறை, நீரற்ற பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். இங்ஙனம் பிறக்கும் பாறைக் குழம்பே மேலெழுந்து வந்து எரிமலைகளை உண்டாக்குகிறது. சுமத்திராவின் மேற்கு ஓரமாகவும், பின்னர் ஜாவா, பாலி, சும்பாவா என்று கிழக்கு நோக்கியும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். நம் தீபகற்பம் அத்தட்டு அமிழும் இடத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் நமக்குக் கீழே அத்தகைய குழம்பு உருவாவதில்லை.

பாறையை உருக வைத்த அதே நீர், பின்னர் அக்குழம்பினுள் கரைந்து நின்று அதனை வெடிக்கவும் வைக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஹவாய்த் தீவுகளில் நிலைமை வேறு. அங்கே தட்டு எதுவும் அமிழ்வதில்லை. பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மெல்ல மேலெழுகிறது. மேலே வர வர அதன்மீதுள்ள அழுத்தம் குறைவதால் அது உருகுகிறது. அக்குழம்பில் நீர் குறைவு. ஆகவே ஹவாயின் எரிமலைகளும் ஜாவாவின் எரிமலைகளும் பிறப்பிலேயே மாறுபட்டவை.

கஞ்சியும் ரப்பர்ப் பாலும்

அடுப்பில் வெறும் நீர் கொதிப்பதையும் கெட்டியான கஞ்சி கொதிப்பதையும் நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். நீரில் குமிழிகள் எளிதாக மேலெழுந்து உடைந்து போகின்றன. கஞ்சியிலோ குமிழி அடியில் சிக்கித் தடுமாறி, பெரிதாகப் பருத்து, பின்னர் 'பொத்'தென்று வெடித்துக் கையைச் சுட்டுவிடுகிறது. ரப்பர்ப் பாலில் அமிலம் கலந்தவுடன் மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துவிடுவதும் இதே காரணத்தினாலேயே. பால் இறுகத் தொடங்கிவிட்டால் குமிழிகள் வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கி, ஷீட்டின் தரத்தைக் கெடுத்துவிடும்.

பாறைக் குழம்பின் கெட்டித்தன்மையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அதிலுள்ள சிலிக்கா என்னும் பொருள். வெண்மணலில் இருப்பதும் அதுவே. சிலிக்கா ஏறத்தாழ நூற்றுக்கு 50 பங்கு உள்ள குழம்பு பசால்ட் எனப்படும். அதன் வெப்பம் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது தேன்போல் ஓடக்கூடியது. சிலிக்கா 60 பங்கை எட்டும்போது குழம்பு களிபோல் ஆகிறது. ஜாவாவின் எரிமலைகளில் மிகுதியும் காணப்படும் ஆண்டசைட் இவ்வகையைச் சேர்ந்தது. 70 பங்கைத் தாண்டிவிட்டால், வெப்பமும் குறைந்து, பசால்ட்டைவிடப் பல இலட்சம் மடங்கு கெட்டியாகிவிடுகிறது. அத்தகைய குழம்பில் குமிழிகள் நகரவே இயலாது.

குமிழிகள் எங்கிருந்து வருகின்றன? மூடிய சோடாப் புட்டியில் வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. மூடியைத் திறந்ததும் பொங்கி எழுகிறது. ஆழத்தில் கடும் அழுத்தத்தின் கீழ் கரைந்து நின்ற நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும், குழம்பு மேலே வந்து அழுத்தம் குறைந்தவுடன் அவ்வாறே குமிழிகளாகப் பிரிகின்றன. நீர் ஆவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் 1,600 மடங்குக்கும் மேலாக விரிவடையும். அந்த விரிவுக்கு இடம் கிடைக்காவிடில் என்ன நிகழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வழிந்தோடும் மலைகள்

ஹவாயின் கிலாவேயா மலை முதல் வகைக்கு உதாரணம். அதன் குழம்பில் வாயு எளிதாகப் பிரிந்துவிடுவதால் லாவா ஆறுபோல் ஓடுகிறது. சில வேளைகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்திற்கு நீரூற்றுப்போல் பீறிடுகிறது. 2018-ஆம் ஆண்டில் அது 700-க்கும் மேற்பட்ட கட்டடங்களை விழுங்கியது. ஆயினும் லாவாவில் சிக்கி ஒருவரும் மாண்டிலர். பெரும்பாலும் அது மனிதன் நடக்கும் வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ நகர்வதால், மக்கள் விலகிச் செல்ல அவகாசம் இருந்தது.

வழிந்தோடும் வகை சாதுவானது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஐஸ்லாந்தில் 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லாக்கி என்னுமிடத்தில் நிலம் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குப் பிளந்து, 8 மாதங்கள் லாவாவை வெளியிட்டது. லாவா கொன்றவர்கள் அல்லர் அங்கு மடிந்தவர்கள். அதனுடன் வெளிவந்த புளோரின் கலந்த வாயு புல்லில் படிந்தது. அப்புல்லை மேய்ந்த கால்நடைகளில் பாதிக்கும் மேல் இறந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உயிரிழந்தனர்.

இத்தாலிக்கு அருகிலுள்ள ஸ்ட்ரொம்போலித் தீவு இரண்டாம் வகைக்குப் பெயர் கொடுத்தது. அங்கே குழம்பு சற்றே கெட்டி. குமிழிகள் ஒன்று சேர்ந்து பெரிதாகி, சுமார் 10 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து வெடித்து, தீக்கங்குகளை வீசுகின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய இடைவிடாமல் இது நிகழ்ந்து வருவதால் மாலுமிகள் அதனை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்பர். வாயு அவ்வப்போது வெளியேறிவிடுவதே அம்மலையைப் பொதுவாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

அடைபட்ட வாய்

குழம்பு மேலும் கெட்டியாக இருந்தால், மலையின் வாயிலேயே அது உறைந்து மூடிபோல் அடைத்துக்கொள்கிறது. கீழே வாயு சேர்ந்துகொண்டே போகிறது. அழுத்தம் மூடியின் வலிமையை மிஞ்சியதும் பீரங்கிபோல் வெடித்து, கரும்புகையையும் பாறைத் துண்டுகளையும் எறிகிறது. பின்னர் மீண்டும் அடைத்துக்கொள்கிறது. இத்தாலியிலுள்ள வல்கானோ தீவு 1888 முதல் 1890 வரை இவ்விதம் வெடித்ததனால் இவ்வகைக்கு அத்தீவின் பெயரே வழங்கலாயிற்று. நம் அண்டையில் இதனைக் காண வேண்டுமாயின் ஜாவாவிலேயே மிக உயரமான செமேரு மலையைக் காணலாம். 3,676 மீட்டர் உயரமுள்ள அம்மலை, புராணங்கள் கூறும் மகாமேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடைபட்ட வாயில் வேறொன்றும் நிகழலாம். களி போன்ற குழம்பு வெடிக்காமல் மெல்லப் பிதுங்கி வந்து, உச்சியில் மேடுபோல் குவிந்து வளரும். பார்ப்பதற்கு அமைதியாகத் தோன்றும் இம்மேட்டைத்தான் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது என்று கருதுகிறோம். மேடு சரிந்து உடையும் கணத்தில், உள்ளே சிக்கியிருந்த வாயு விடுபட்டு, பாறையைப் பொடியாக்கி, அப்பொடியும் வாயுவும் கலந்த அனல்மேகமாக மலைச்சரிவில் பாய்கிறது. அதன் வெப்பம் பல நூறு டிகிரி. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். ஓடித் தப்புவது இயலாத காரியம்.

கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் 1902-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் காலை 8 மணியளவில் பெலே மலையிலிருந்து புறப்பட்ட அனல்மேகம் செயின்ட் பியர் துறைமுக நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. சுமார் 28,000 பேர் மாண்டனர். நகருக்குள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் தடித்த சுவருடைய சிறையறையில் அடைபட்டிருந்த கைதி. மலை பல நாள்களாகப் புகைந்தும் சாம்பல் தூவியும் எச்சரித்திருந்தது. லாவா வருமானால் பள்ளத்தாக்குகள் அதனைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. சுற்றுப்புறக் கிராமத்தாரும் நகரையே பாதுகாப்பான இடமெனக் கருதி வந்து சேர்ந்தனர். லாவா அந்நகரை எட்டவேயில்லை. எவ்வகைச் சீற்றம் வரும் என்று அறியாததே அவ்வளவு உயிர்களையும் பலி கொண்டது.

ஜாவாவின் மெராப்பி மலையடிவாரத்து மக்கள் அனல்மேகத்தை நன்கு அறிவர். இந்தோனேசிய மொழியில் அதற்கு 'அவான் பானாஸ்', அதாவது சூடான மேகம், என்று பெயர். கிராமத்தார் அதனை 'வெடுஸ் கெம்பெல்' என்பர். அடர்ந்த சுருள் மயிருடைய செம்மறியாடு என்று பொருள். புரண்டு வரும் அதன் தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர் அது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மெராப்பி வழக்கத்தைவிடக் கடுமையாகச் சீறப்போகிறது என்பதைக் கருவிகள் உணர்த்தின. மலை வீங்குவதும், அடிக்கடி நிலம் அதிர்வதும், வாயு மிகுவதும் முன்னெப்போதும் காணாத அளவில் இருந்தன. அபாய வட்டம் முதலில் 10 கிலோமீட்டராகவும், பிறகு 15 ஆகவும், நவம்பர் 5-ஆம் நாள் பெருஞ்சீற்றத்தின்போது 20 ஆகவும் விரிக்கப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் வெளியேறினர். 350-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையின் காவலராக யோக்யகர்த்தா அரண்மனையால் நியமிக்கப்பட்டிருந்த முதியவர் ம்பா மரிஜான், இடம்பெயர மறுத்து, அக்டோபர் 26-ஆம் நாளே தம் கிராமத்தில் உயிரிழந்தார். மக்களை அப்புறப்படுத்தாமல் இருந்திருந்தால் பலி பல்லாயிரத்தை எட்டியிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு.

வானை முட்டும் தூண்

வாயு மிகுந்த கெட்டிக் குழம்பு பெருமளவில் ஒரே வேளையில் மேலெழுமானால், அது முழுவதும் நுரையாகி, நுரை வெடித்துத் தூளாகி, தூணைப்போல் 30, 40 கிலோமீட்டர் உயரத்திற்குக் கிளம்பும். கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் மலை இவ்விதம் சீறி, பொம்பேயி, ஹெர்க்குலேனியம் ஆகிய நகரங்களைப் புதைத்தது. அதனை விரிகுடாவின் எதிர்க்கரையிலிருந்து கண்ட இளைஞர் பிளினி, மேகம் குடைபோல் விரிந்த பைன் மரத்தை ஒத்திருந்ததாகக் கடிதத்தில் எழுதி வைத்தார். மீட்புக்காகக் கப்பலில் சென்ற அவருடைய மாமன் மடிந்தார். ஆதலின் இவ்வகைக்குப் பிளினியன் சீற்றம் என்று பெயர்.

இத்தூணிலிருந்து விழுவதைச் சாம்பல் என்று சொல்கிறோம். இதுவும் தவறான பெயரே. அடுப்புச் சாம்பல் மென்மையானது. நீரில் கரைந்து போகும். எரிமலைச் சாம்பலோ பொடிக்கப்பட்ட கண்ணாடியும் பாறையும் ஆகும். கண்ணையும் நுரையீரலையும் அறுக்கும். மழையில் நனைந்தால் கூரையை அமிழ்த்திவிடும். 1991-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் பிலிப்பைன்ஸில் பினாத்துபோ மலை வெடித்தபோது அதே நாளில் ஒரு சூறாவளியும் வந்து சேர்ந்தது. ஈரச்சாம்பலின் பாரம் தாங்காமல் வீடுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய அம்மலையின் பழைய படிவுகளை ஆராய்ந்து, அது எவ்வகையில் வெடிக்கும் என்பதை விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணித்தனர். அதன் பயனாகப் பல்லாயிரம் மக்கள் வெடிப்புக்கு முன்னரே வெளியேற்றப்பட்டனர். அம்மலை வானில் செலுத்திய கந்தக வாயு உலகத்தின் சராசரி வெப்பத்தை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தது.

கண்ணாடித் தூளின் கொடுமையை நம் நாட்டிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்றும் கண்டது. 1982-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் விமானம் ஜாவாவுக்கு அருகே, அவ்வாண்டு ஏப்ரல் முதல் குமுறிக்கொண்டிருந்த காலுங்கோங் மலையின் சாம்பலுக்குள் புகுந்தது. இருளில் சாம்பல் தெரியவில்லை. அது ஈரமற்றதாதலால் ராடாரும் காட்டவில்லை. இயந்திரத்தின் வெப்பத்தில் சாம்பல் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ள, நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து மிதந்து இறங்கிய விமானம், சாம்பலுக்கு வெளியே வந்தபின் இயந்திரங்களை மீண்டும் இயக்கி, தேய்ந்துபோன முகப்புக் கண்ணாடியுடன் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. 263 பேரும் உயிர் பிழைத்தனர். எரிமலைச் சாம்பல் பற்றி விமானங்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் நிலையங்கள் பின்னர் உலகெங்கும் அமைக்கப்பட்டதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

மனிதர் எழுதி வைத்த வரலாற்றில் மிகப் பெரிய சீற்றமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது சும்பாவாத் தீவின் தம்போரா மலை 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடித்ததாகும். அதன் ஓசையைப் பீரங்கி முழக்கம் என்றெண்ணி, ஜாவாவில் யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவு புறப்பட்டுச் சென்றது. அப்போது ஜாவாவின் ஆளுநராக இருந்தவர், 4 ஆண்டுகளுக்குப் பின்னர் சிங்கப்பூரில் வந்திறங்கிய ராபிள்ஸ் ஆவார். வெடிப்பிலும் தொடர்ந்த பட்டினியிலும் நோயிலும் மாண்டவர்கள் 70,000-க்கும் மேற்பட்டோர். மறு ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர்கள் பொய்த்தன.

நீர் குறுக்கிட்டால்

இதுவரை குழம்பினுள் இருந்த நீரைப் பற்றிக் கூறினோம். வெளியிலுள்ள நீர் குழம்பைச் சந்தித்தாலும் வெடிப்பு நிகழும். கடலடியில் எழுந்து 1963-இல் ஐஸ்லாந்துக்கு அருகே புதிய தீவாக உருவெடுத்த சர்ட்சி அத்தகையது. குழம்பு மேலே வராமலேயே, அதன் சூட்டினால் நிலத்தடி நீர் மட்டும் ஆவியாகி வெடிப்பதும் உண்டு. ஜப்பானின் ஒந்தாக்கே மலை 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் இவ்விதம் வெடித்து, உச்சியிலிருந்த மலையேறிகள் 60-க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. இவ்வகை வெடிப்பு போதிய முன்னறிவிப்பின்றி வருவது. விடுமுறையில் எரிமலை உச்சிக்குச் செல்ல விரும்பும் நம் இளைஞர்கள், அபாய வட்டம் அறிவிக்கப்பட்டுள்ளதா என்று அந்நாட்டு அதிகாரிகளிடம் கேட்டறியாமல் புறப்படலாகாது.

கடலும் எரிமலையும் சேர்ந்தால் விளையும் கேட்டைச் சுந்தா நீரிணை இரு முறை கண்டது. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் கிராக்கத்தோவாத் தீவு வெடித்தபோது இறந்த 36,000-க்கும் அதிகமானோரில் பெரும்பான்மையோரைக் கொன்றவை 30 மீட்டருக்கும் மேல் எழுந்த கடலலைகள். அவ்வோசை 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரொட்ரிகஸ் தீவில் கேட்டது. அவ்விடத்திலேயே 1927-இல் தலைதூக்கிய 'அனாக் கிராக்கத்தோவா' (கிராக்கத்தோவாவின் குழந்தை) பெரும்பாலும் ஸ்ட்ரொம்போலி வகையில் சிறுசிறு வெடிப்புகளையே நிகழ்த்தி வந்தது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அதன் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து, எழுந்த அலையில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரிய வெடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

கேலுட் மலையின் கதை

ஒரு மலைக்கு ஒரே குணம் என்றும் எண்ண வேண்டா. கிழக்கு ஜாவாவிலுள்ள கேலுட் மலையைக் கவனிப்போம். அதன் வாயில் ஓர் ஏரி இருந்தது. 1919-ஆம் ஆண்டு மே மாத வெடிப்பில் அந்த ஏரியின் நீர் முழுவதும் சாம்பலுடன் கலந்து, சூடான சேற்று வெள்ளமாக இறங்கி, 5,000-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. இச்சேற்று வெள்ளத்தை ஜாவானியர் 'லஹார்' என்பர். இன்று உலகெங்குமுள்ள விஞ்ஞானிகள் அச்சொல்லையே வழங்குகின்றனர். நம் அண்டை மக்களின் கசப்பான அனுபவம் உலக அகராதியில் ஏறியது இவ்வாறு.

அதன்பின் டச்சுக்காரர்கள் மலையைக் குடைந்து, ஏரி நீரை வடிக்கச் சுரங்கக் கால்வாய்கள் அமைத்தனர். வெடிப்பைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் வெடிப்பின் வகையறிந்து அதன் நாசத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. 1951-இல் வெடிப்பு கால்வாயைச் சிதைத்ததால் ஏரி மீண்டும் நிரம்பியது. 1966-இல் மறுபடியும் லஹார் இறங்கிப் பலரைப் பலி கொண்டது. பின்னர் மேலும் தாழ்வாகப் புதிய கால்வாய் வெட்டினர். 1990-இல் மலை வெடித்தபோது ஏரியில் நீர் குறைவாகவே இருந்தது.

2007-இல் நில அதிர்வுகள் மிகுந்தன. மலை வழக்கம்போல் வெடிக்கும் என்று எதிர்பார்த்து மக்களை அப்புறப்படுத்தினர். வெடிக்கவில்லை. ஏரியின் நடுவே கருநிறக் குழம்பு மேடாகப் பிதுங்கி வளர்ந்து, ஏரியையே அநேகமாக நிரப்பிவிட்டது. வாயு முன்னதாகவே மெல்லக் கசிந்து போயிருந்தால் அதே மலையின் அதே குழம்பு அவ்வாறு சாதுவாக வெளிவரும். ஏழாண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் இரவு 9.15-க்கு உச்ச எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 10.50-க்கு மலை வெடித்து, அந்த மேட்டைத் துகளாக்கி, 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள யோக்யகர்த்தாவையும் சாம்பலால் மூடியது. முன்னர் ஒரு முறை வீணாக வெளியேறினோமே என்று மக்கள் தயங்கவில்லை. ஒன்றரை மணி நேர அவகாசத்தில் பல்லாயிரக்கணக்கானோர் வெளியேறினர். மாண்டவர்கள் மிகச் சிலர்.

தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் 1985-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. நெவாடோ டெல் ரூயிஸ் மலையில் வெடிப்பு சிறியதே. அது உச்சியின் பனியை உருக்கி லஹாரை ஏவியது. ஆர்மேரோ நகரை அது அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது. அபாயப் பகுதியைக் காட்டும் வரைபடமும் முன்னரே தயாராக இருந்தது. எனினும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. அந்த வட்டாரத்தில் சுமார் 23,000 பேர் இறந்தனர். மேட்டு நிலத்திற்கு நடந்தே போயிருந்தால் தப்பியிருக்கலாம்.

நம் மண்ணில்

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் எரிமலைகள் இயங்கின. சபாவில் தாவாவ் மலைப்பூங்காவிலுள்ள பொம்பாலாய் குன்று அவிந்துபோன எரிமலையே. தீபகற்பத்தில், ஏறத்தாழ 16 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் குவாந்தானில் பசால்ட் குழம்பு வழிந்தோடி உறைந்தது. அப்பாறை மக்கி உண்டான செம்பழுப்பு மண்ணே தோட்டத் துறையில் குவாந்தான் வகை மண் எனப்படுவது. ஜொகூரின் சிகாமட் வகை மண்ணும் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. ஆழமாகவும் பொலபொலப்பாகவும் இருப்பதால் ரப்பரும் செம்பனையும் அவற்றில் நன்கு வேரூன்றும். ஆனால் ஜாவாவின் இளமையான எரிமலை மண்ணைப்போல் அவை சத்து நிறைந்தவை அல்ல. நெடுங்கால மழையில் சத்துக்கள் கரைந்து போய், எஞ்சிய இரும்பு, பாஸ்பேட் உரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இம்மண்ணுள்ள தோட்டங்களில் உரமிடுவோர் அதனையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

வெளியிலிருந்து வந்து விழுந்த எரிமலைப் பொருளும் இங்கு உண்டு. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வட சுமத்திராவில் தோபா வெடித்தது. தம்போராவையும் சிறு பட்டாசாக்கிவிடும் பெருவெடிப்பு அது. சுமார் 2,800 கன கிலோமீட்டர் குழம்பு வெளிப்பட்டது. உள்ளீடற்றுப்போன நிலம் சரிந்து உண்டான பள்ளமே இன்று நாம் காணும் 100 கிலோமீட்டர் நீளமுள்ள தோபா ஏரி. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் வரை சென்று படிந்தது. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் அது விழுந்தது.

லெங்கோங்கிலுள்ள கோத்தா தம்பானில் பேராசிரியர் ஜுரைனா மஜித் 1987-இல் அகழாய்வு நடத்தினார். கற்கருவிகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்று அங்கே அப்படியே கிடந்தது. அடிகல், சுத்தியல்கல், உடைத்தெடுத்த சில்லுகள், செய்து முடிக்காத கருவிகள் யாவும் இருந்தன. வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தோபாவின் சாம்பலே விரட்டியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். லெங்கோங் பள்ளத்தாக்கை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தோபாவின் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்காடியில் வைத்தால், வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரியும். அவை, வழி கிடைக்காமல் வெடித்த வாயுக் குமிழிகளின் உடைந்த சுவர்கள்.